விதை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன்

ஆடி மாதக் கடைசியில் எங்கள் உழவர் குழுவுக்கு ஒரு கூரியர் வந்தது. பிரித்துப் பார்த்தால் 14 பக்கத்தில் ஆங்கில ஒப்பந்தம். அனுப்பியது ஒரு விதை நிறுவனம். பி.டி. இல்லாத பருத்தி ரகம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவு செய்த ரகம். அதை நாங்கள் இயற்கை முறையில் பெருக்கி விதையாக விற்றுக்கொள்ளலாம். விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்களுக்கு ராயல்டி தர வேண்டும். சாரம் இவ்வளவுதான்.

கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி போடும் எங்களுக்கு இது பெரிய விஷயம். இயற்கைச் சான்றிதழ் வேண்டுமென்றால் மரபணு மாற்றிய விதையைத் தொடக் கூடாது. ஆனால் விதைக் கடைக்குப் போய், "பி.டி. இல்லாத பருத்தி விதை இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் இப்ப யாரு அண்ணாச்சி போடுறா?" என்றுதான் பதில் வரும். நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது. எங்களிடம் இருப்பது கருங்கண்ணி. பழைய சம்சாரி வீடுகளில் தேடிச் சேர்த்த கைப்பிடி விதையை நாலைந்து வருடமாகப் பெருக்கி வருகிறோம். கேட்கிற எல்லோருக்கும் கொடுக்க அது காணாது. அதனால் கூரியர் வந்த அன்று குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம்.

"புரட்டாசி விதைப்புக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க" என்று நிறுவனத்துக்காரர் போனில் அவசரப்படுத்தினார். குழுவின் கடிதம், கணக்கு பார்ப்பவன் நான் என்பதால் படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். நான்கு இடங்களில் கால் தடுக்கியது.

ஒன்று: ஒப்பந்தம் நடப்பில் உள்ள வரை குழு வேறு எந்தப் பருத்தி விதையையும் பெருக்கவோ விற்கவோ கூடாது. அதாவது கருங்கண்ணியும் கூடாது.

இரண்டு: ஒப்பந்தம் முடிந்தால், கையில் உள்ள அவர்களுடைய விதையையும் அதிலிருந்து வந்த எல்லாவற்றையும் எங்கள் செலவில் அழித்துவிட வேண்டும்.

மூன்று: வயலில் நாங்கள் நல்ல செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஒரு மேம்பாடு செய்தால், அது காசில்லாமல் நிறுவனத்துக்கே சொந்தம்.

நான்கு: அந்த ரகத்தின் மேல் அவர்களுக்குள்ள உரிமையை நாங்கள் எந்த இடத்திலும் கேள்வி கேட்கக் கூடாது.

குழுக் கூட்டத்தில் இதைத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "விதை அவுகளோடது. அவுக சொல்ற கண்டிசனுக்கு ஒத்துக்கிட்டாத்தான தருவாக? இதுல நாம என்னத்தைக் கேக்க முடியும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் போட்டிச் சட்டம் என்ற பக்கம் போனேன். அங்கே கண்டதை நம் உழவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

உரிமை வேறு, நிபந்தனை வேறு

ஊரில் ஒருவரிடம் மட்டும் வற்றாத கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிணறு வெட்டியது அவர் காசு. பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தண்ணீர் விட மணிக்கு இவ்வளவு என்று அவர் கேட்கலாம். "ராத்திரிதான் விடுவேன், வாய்க்காலை உடைக்கக் கூடாது" என்றும் சொல்லலாம். இதெல்லாம் கிணற்றைக் காப்பாற்றிக்கொள்ளும் நிபந்தனை.

அவரே, "என் தண்ணியை வாங்கினா வேற எவன்கிட்டயும் வாங்கக் கூடாது. நீயும் கிணறு வெட்டக் கூடாது. என்னைக்காவது என்னை விட்டுப் போனா, என் தண்ணியில வெளஞ்ச பயிரை அழிச்சிட்டுத்தான் போகணும்" என்றால்? இதில் கிணற்றைக் காப்பாற்றுகிற பேச்சு எதுவும் இல்லை. ஊரில் இரண்டாவது கிணறு வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற பேச்சு.

சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. ஒரு பக்கம் அறிவுசார் சொத்துரிமை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமைச் சட்டம் 20 ஆண்டு தனி உரிமை தருகிறது. நம் நாட்டில் செடி, விதை, பயிர் ரகம் ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு சொல்கிறது. ரகங்களுக்குத் தனியாக 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த ரகத்துக்கு, மரங்களும் கொடிகளும் என்றால் 18 ஆண்டு, மற்றப் பயிர்கள் என்றால் 15 ஆண்டு பாதுகாப்பு.

மறு பக்கம் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். சந்தையில் ஒரு கை மட்டுமே ஓங்கி, மற்றவர்கள் உள்ளே வர முடியாமல் போவதைத் தடுப்பது அதன் வேலை. அதன் 3ஆவது பிரிவு போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்கிறது. 4ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. இந்த இரண்டு பிரிவுகளும் 2009 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தன. விசாரிப்பது டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம்.

இரண்டு சட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு 3(5) பிரிவு இருக்கிறது. காப்புரிமை போன்ற உரிமைகளைக் காத்துக்கொள்ளத் தேவையான "நியாயமான நிபந்தனைகளை" உரிமையாளர் போடலாம், அதைப் போட்டிச் சட்டம் தடுக்காது என்கிறது அது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மற்ற அறிவுசார் சொத்துச் சட்டங்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் கவனியுங்கள்: எந்த நிபந்தனையும் போடலாம் என்று அது சொல்லவில்லை. நிபந்தனை நியாயமானதாக இருக்க வேண்டும். உரிமையைக் காக்கத் தேவையானதாகவும் இருக்க வேண்டும். ஆதிக்கத்தைப் பற்றிய 4ஆவது பிரிவுக்கு இந்த விலக்கும் கிடையாது.

அப்படியானால் எது நியாயமான நிபந்தனை? இதை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் கேட்க வைத்தது பருத்திதான்.

நாற்பது பாக்கெட், ஒரே பூட்டு

2002இல் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மரபணுத் தொழில்நுட்பம் மான்சான்டோவுடையது. அதை இந்தியாவில் உரிமம் கொடுத்து வந்தது, மான்சான்டோவும் மஹிகோவும் சேர்ந்து நடத்திய மஹிகோ மான்சான்டோ பயோடெக் என்ற கூட்டு நிறுவனம். நாற்பதுக்கும் மேற்பட்ட இந்திய விதை நிறுவனங்கள் அதனிடம் உரிமம் வாங்கின. உள்ளே நுழையவே 50 லட்சம் ரூபாய். அது திரும்ப வராது. அதன் பிறகு விற்கும் ஒவ்வொரு 450 கிராம் பாக்கெட்டுக்கும் ஒரு கட்டணம். இதைத்தான் 'டிரெய்ட் வேல்யூ' என்றார்கள்.

கடைக்குப் போன உழவருக்கு நாற்பது கம்பெனி பாக்கெட் தெரிந்தது. விதவிதமான படம், விதவிதமான பெயர். ஏகப்பட்ட போட்டி இருப்பது போலத் தோன்றியது. ஆனால் எந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும், உள்ளே இருந்த மரபணுவுக்குக் கட்டணம் போய்ச் சேர்ந்தது அநேகமாக ஒரே இடத்துக்குத்தான். பெரும்பாலும் வீரிய ஒட்டு விதையாகவே விற்றதால், எடுத்து வைத்து விதைக்கவும் வழியில்லை. வருடா வருடம் கடைக்குப் போயே ஆக வேண்டும்.

தொடக்க வருடங்களில் ஒரு பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் 1,250 ரூபாய் தொழில்நுட்பக் கட்டணம். விதைக்கு விலை குறைவு. விதைக்குள் இருந்த உரிமத்துக்குத்தான் விலை. 2006இல் ஆந்திர அரசு இதை எதிர்த்து, அப்போது இருந்த ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போனது. இன்றைய போட்டி ஆணையத்துக்கு முன்னோடி அதுதான். கட்டணத்தை நியாயமான அளவுக்குக் குறைக்கச் சொல்லி அதே ஆண்டு மே மாதம் அந்த ஆணையம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆந்திர அரசும் பாக்கெட் விலையை 750 ரூபாய் என்று நிர்ணயித்தது. மறு வருடம் பருத்தி விதை விலைக்கென்றே அங்கே தனிச் சட்டம் வந்தது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2006க்கு முன் விற்ற முதல் தலைமுறை பி.டி. தொழில்நுட்பத்துக்கு இந்தியாவில் காப்புரிமையே இல்லை. காப்புரிமை இருந்தது 2006இல் அனுமதி பெற்ற இரண்டாம் தலைமுறைக்குத்தான். ஆக, அந்த 1,250 ரூபாய் முழுக்க முழுக்க ஒப்பந்தத்தின் பலத்தில் வசூலானது. உழவர் நண்பர்களே, ஒப்பந்தத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆணையம் எதைக் கண்டது?

2015இல் உரிமம் வாங்கிய நிறுவனங்களே திரும்பி நின்றன. நுஜிவீடு சீட்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் கட்டணம் அதிகம் என்று தகராறு செய்ய, அவர்களுடைய உரிமம் ரத்தானது. அவர்களும் போட்டி ஆணையத்துக்குப் போனார்கள். மத்திய வேளாண் துறையும் அதே ஆணையத்துக்கு ஒரு மனு அனுப்பியது.

2016 பிப்ரவரி 10ஆம் தேதி ஆணையம் உத்தரவு போட்டது. முதல் பார்வையிலேயே 3ஆவது, 4ஆவது பிரிவுகள் மீறப்பட்டதாகத் தெரிகிறது, விசாரிக்க வேண்டும் என்றது. விலையைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் எடுத்துப் பார்த்தது.

உரிமம் வாங்கியவர் வேறொரு நிறுவனத்தின் போட்டித் தொழில்நுட்பத்தைத் தொட நினைத்தால் முதலில் இவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஒப்பந்தம் முறிந்தால் உடனே விற்பனையை நிறுத்தி, அந்த மரபணு ஏறிய விதைகளையும் பெற்றோர் விதைகளையும் அழித்துவிட வேண்டும் என்று இன்னொன்று. ஒரு வீரிய ஒட்டின் பெற்றோர் விதையை உருவாக்க விதை நிறுவனத்துக்குப் பல வருடம் ஆகும். ஒப்பந்தம் முறிந்த அன்றே அத்தனை வருட உழைப்பையும் அழிக்க வேண்டும் என்றால், எவன் துணிந்து வேறு தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்புவான்? முறிவு நிபந்தனைகள் மிகக் கடுமையானவை, உரிமையைக் காக்கத் தேவையான அளவைத் தாண்டியவையாகத் தெரிகின்றன என்பதே ஆணையத்தின் கருத்து.

கூரியரில் வந்த எங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாவது நிபந்தனையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அச்சு அசலாக அதே குரல்.

அடுத்த பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிக்குப் பல வருடச் செலவு இருக்கிறது, கட்டணம் இல்லாவிட்டால் புதிய தொழில்நுட்பம் வராது, காப்புரிமை உரிமத்தில் குறை இருந்தால் அதைக் காப்புரிமை அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும், போட்டி ஆணையத்துக்கு இதில் வேலையில்லை என்றெல்லாம் நிறுவனத் தரப்பு வாதிட்டது. ஆணையம் சொன்னது முதல் பார்வைக் கருத்துதான். இறுதித் தீர்ப்பு அல்ல.

அரசு வேறொரு வழியிலும் போனது. 2015 டிசம்பரில் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2016 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை பி.டி. பாக்கெட் 800 ரூபாய், அதில் தொழில்நுட்பக் கட்டணம் 49 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2018இல் அந்தக் கட்டணம் 39 ரூபாய், 2019இல் 20 ரூபாய், 2020இல் ஒன்றுமில்லை என்று ஆனது. 1,250 ரூபாயில் தொடங்கியது பூஜ்யத்தில் முடிந்தது. இதற்குள் குஜராத்தில் முதல் தலைமுறை பி.டி.யை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டதை 2010இல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு இரண்டாம் தலைமுறையையும் அந்தப் புழு வென்றது.

விலையைக் குறைக்க அரசாணை போதும். ஒப்பந்தத்தில் உள்ள பூட்டைத் திறக்க அது போதாது. 2016 மே 18ஆம் தேதி, கட்டணம் விதை விலையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கேட்கிறவருக்கு நியாயமான நிபந்தனையில் உரிமம் தர வேண்டும் என்று வேளாண் அமைச்சகம் உரிம வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. ஒரு வாரம் தாங்கவில்லை. மே 24ஆம் தேதி திரும்பப் பெற்று, கருத்துக் கேட்கும் வரைவாக மாற்றிவிட்டார்கள்.

சாத்திய கதவு

ஆணையத்தின் விசாரணையை எதிர்த்து மான்சான்டோ டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2020இல் தனி நீதிபதி, ஆணையம் விசாரிக்கலாம் என்றார். 2023 ஜூலை 13ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கைபேசித் தொழில்நுட்பம் தொடர்பான எரிக்சன் நிறுவனத்தின் வழக்கும் இதோடு சேர்ந்து வந்தது. காப்புரிமைச் சட்டத்தின் 16ஆவது அத்தியாயம், காப்புரிமையாளர் போடும் நியாயமற்ற நிபந்தனைகளைக் கையாள ஏற்கனவே முழுமையான ஏற்பாடு செய்திருக்கிறது. ஆகவே அந்தச் சிறப்புச் சட்டமே செல்லும், போட்டி ஆணையம் இதில் விசாரிக்க முடியாது என்பது தீர்ப்பு. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இடையில் 2021இல் நுஜிவீடும் எதிர்த்தரப்பும் சமரசம் செய்துகொண்டு வழக்குகளை முடித்துக்கொண்டன. இரண்டாம் தலைமுறை பி.டி.யின் காப்புரிமைக் காலமும் 2019இல் முடிந்துவிட்டது.

ஆக, "அழித்துவிட்டுப் போ" என்ற நிபந்தனை செல்லுமா செல்லாதா என்று கடைசிவரை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. கம்பெனியும் கம்பெனியும் கைகுலுக்கிக்கொண்டன. அந்தப் பூட்டுக்குப் பின்னால் பதினைந்து, இருபது வருடம் பி.டி. அல்லாத விதை கடையில் கிடைக்காமல் நின்ற சம்சாரியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கருங்கண்ணி காணாமல் போனதற்குக் காரணம் பல. விளைச்சல், பஞ்சின் நீளம், மில்காரர்களின் விருப்பம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் உரிமம் வாங்கிய விதை நிறுவனங்கள் தங்கள் முதலையும் நிலத்தையும் ஒரே பக்கம் போட்டபோது, மற்ற விதையைப் பெருக்க ஆளில்லாமல் போனதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் திறந்திருக்கும் கதவுகள்

கதவு எல்லாமே சாத்திவிட்டதா? இல்லை.

காப்புரிமை உள்ள பொருளாக இருந்தால், அந்த 16ஆவது அத்தியாயத்தில் 84ஆவது பிரிவு இருக்கிறது. காப்புரிமை கொடுத்து மூன்று ஆண்டு கழிந்த பின், மக்களின் தேவை நிறைவேறவில்லை என்றாலோ, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்றாலோ, கட்டாய உரிமம் கேட்டு யாரும் மனு செய்யலாம். 2012இல் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு இப்படிக் கட்டாய உரிமம் கொடுத்தார்கள். மாதம் 2.8 லட்சம் ரூபாய் ஆன மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. ஆனால் இந்த வழியில் இதுவரை கிடைத்த உரிமம் அது ஒன்றுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

அதே சட்டத்தின் 140ஆவது பிரிவை உழவர் குழுக்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். காப்புரிமை உரிம ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகளைப் போட்டாலே அவை செல்லாது என்கிறது அது. வேறு ஒருவரின் பொருளைப் பயன்படுத்தாதே என்பது, நீ செய்யும் மேம்பாட்டின் முழு உரிமையையும் எனக்கே தா என்பது, என் காப்புரிமையைக் கேள்வி கேட்காதே என்பது, வேண்டாததையும் சேர்த்து மூட்டையாக வாங்கச் சொல்வது, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

பயிர் ரகம் என்றால், ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆவது பிரிவிலும் மூன்று ஆண்டு கழித்துக் கட்டாய உரிமம் கேட்க இடமிருக்கிறது. அதைவிட முக்கியம் 39ஆவது பிரிவு. பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும் உழவர் தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். பிராண்டுப் பெயர் போட்டு விதையாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். சட்டம் உழவருக்கு என்று கொடுத்ததை நாமே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா?

போட்டிச் சட்டமும் முழுக்க ஒதுங்கிவிடவில்லை. டெல்லித் தீர்ப்பு காப்புரிமைச் சட்டத்தின் 16ஆவது அத்தியாயத்தை வைத்து எழுதிய தீர்ப்பு. ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டாய உரிம அத்தியாயத்தில், உரிமையாளர் போடும் நியாயமற்ற நிபந்தனைகளைக் கையாள அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆகவே ரக உரிம ஒப்பந்தங்களுக்கு அந்தத் தடை அப்படியே பொருந்தாது என்பது எங்கள் வழக்கறிஞரின் கருத்து; என் கருத்தும் அதுதான். நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும்போதும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பேயர், மான்சான்டோவை வாங்கியபோது 2018 ஜூனில் போட்டி ஆணையம் நிபந்தனையோடுதான் அனுமதித்தது. மஹிகோவில் மான்சான்டோ வைத்திருந்த 26 சதவீதப் பங்கை விற்க வேண்டும், ஏழு ஆண்டுகளுக்கு மரபணுத் தொழில்நுட்பங்களைப் பாரபட்சம் இல்லாமல் பலருக்கும் உரிமம் தர வேண்டும், பொருள்களை மூட்டையாகக் கட்டி விற்கக் கூடாது என்பவை அதில் சில.

ஆணையத்தில் தகவல் மனு கொடுக்கத் தனி ஆள், சங்கம், குழு யாருக்கும் உரிமை உண்டு. கட்டணம் கட்ட வேண்டும். சம்பவம் நடந்த மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒப்பந்தம் அனுப்பிய நிறுவனம் சின்னது. சந்தையில் ஆதிக்கம் ஒன்றும் அதற்கு இல்லை. ஒரு சின்ன நிறுவனமும் ஒரு கிராமத்துக் குழுவும் போடும் ஒப்பந்தத்தால் நாட்டின் விதைச் சந்தையில் போட்டி கெட்டுவிட்டது என்று டெல்லியில் போய் நிரூபிக்க முடியாது. பிறகு இந்தச் சட்டத்தைப் படித்து என்ன பயன் என்றால், ஓர் அளவுகோல் கிடைத்தது. எந்த நிபந்தனை உரிமையைக் காக்கிறது, எது அடுத்தவனை அடைக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

இனி எந்த விதை ஒப்பந்தம் வந்தாலும் எங்கள் குழு கேட்கப் போகும் கேள்விகள் இவை. நீங்களும் கேளுங்கள்.

1. இவர்கள் சொல்லும் உரிமை என்ன? காப்புரிமையா, ரகப் பதிவா, வெறும் வணிகப் பெயரா? பதிவு எண் என்ன, எந்த வருடம் காலாவதியாகிறது? காலம் முடிந்த பிறகும் ராயல்டி கேட்கிறார்களா?

2. நிபந்தனை அவர்களுடைய விதையைப் பற்றியதா, நம்முடைய மற்ற விதையைப் பற்றியதா? விதை வயலுக்கு விலகு தூரம் விடு, கலப்புச் செடியைப் பிடுங்கு, முளைப்புத் திறன் சோதனை செய் என்பதெல்லாம் நியாயம். உன் சொந்த விதையைப் பெருக்காதே என்பது அநியாயம்.

3. பிரிந்து போனால் என்ன நடக்கும்? கையிருப்பை விற்று முடிக்க ஒரு பருவமாவது அவகாசம் உண்டா? வயலில் நிற்கும் பயிரின் கதி என்ன?

4. நம் தேர்வு, நம் மேம்பாடு யாருக்குச் சொந்தம்? அவர்களும் பயன்படுத்தலாம் என்றால் பேசலாம். அவர்கள் மட்டுமே என்றால் பேச இடமில்லை.

5. உழவரின் 39ஆவது பிரிவு உரிமை பாதிக்கப்படாது என்று ஒரு வரி எழுதித் தருவார்களா?

நம் மரபு ரகத்தை நாமே பதிவு செய்து அடுத்தவருக்கு உரிமம் கொடுக்கும் நாளும் வரும். உழவர் ரகத்தைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. அன்று நாமும் அடுத்த ஊர்க்காரர் கழுத்தில் இதே பூட்டைப் போட்டுவிடக் கூடாது.

எங்கள் ஒப்பந்தம் என்ன ஆனது?

நான்கு நிபந்தனைகளையும் குறிப்பிட்டு, காரணத்தோடு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். கோபப்படுவார்கள் என்று நினைத்தோம். இல்லை. பத்து நாளில் பதில் வந்தது. உரிமையைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற வரியை எடுத்துவிட்டார்கள். மேம்பாடு இரு தரப்புக்கும் பொது என்று மாற்றினார்கள். அழிப்பதற்குப் பதிலாக, ஒரு பருவத்துக்குள் விற்று முடிக்கலாம் என்றார்கள். கேட்காமலே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த மூன்றும் எங்கள் கழுத்தில் தொங்கியிருக்கும்.

முதல் நிபந்தனையில் மட்டும் இறங்கி வரவில்லை. "எங்க விதையையும் உங்க நாட்டு விதையையும் ஒரே குழு வித்தா எங்களுக்கு மார்க்கெட் எப்படி?" என்றார் போனில் பேசியவர். மறைக்காமல் சொன்னார், அந்த வகையில் அவரை மெச்சத்தான் வேண்டும்.

அன்று ராத்திரி குழுக் கூட்டம் ரொம்ப நேரம் நடந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஒருவருக்குக் கடன் தவணை நிற்கிறது. அந்த விதை வந்தால் மூன்று ஏக்கரும் நிரம்பும். "கருங்கண்ணி எங்க ஓடிப் போயிரப் போகுது? அஞ்சு வருசம் கழிச்சுப் பெருக்கிக்கிடலாம்" என்றார். அதற்கு அந்த மூத்த அக்காதான் பதில் சொன்னார்: "அஞ்சு வருசம் விதைக்காத விதை முளைக்குமாய்யா? ஒருக்கா தொலைச்சுட்டு இம்புட்டு வருசம் தேடினது போதாதா?"

கையெழுத்துப் போடவில்லை. இந்தப் புரட்டாசியில் நினைத்ததில் பாதிப் பரப்பில்தான் பருத்தி விதைத்தோம். மீதியில் உளுந்தும் கம்பும் போட்டிருக்கிறோம். கடன் தவணைக்காரருக்குக் குழு நிதியிலிருந்து கொஞ்சம் முன்பணம் கொடுத்தோம். அது அவருக்குப் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நிறுவனத்தோடு பேச்சு முறியவில்லை. முதல் நிபந்தனையை எடுத்தால் அடுத்த ஆடியில் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறோம். மாசியில் வெடிக்கப் போகும் கருங்கண்ணியில் நல்ல செடிகளுக்கு இப்போதே துணி கட்டி அடையாளம் வைத்தாயிற்று. விதை கேட்டு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்களிடம் வாங்க 14 பக்க ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அடுத்த வருடம் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். கேட்கிற இன்னொருவருக்கும் நீங்கள் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.